உலோகம்: ஆம் / இல்லை

படிவத்தின் ஏழாம் கேள்வி:
உடலில் உலோகம் ஏதேனும் உண்டா?
ஆம். இல்லை. இரண்டு பெட்டிகள்.
பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்
கனகராயன்குளம் அருந்தவச்செல்வி, வயது நாற்பத்தாறு:
"எத்தினை எண்டு எழுத இடமில்லையே, தங்கச்சி?"

வவுனியாவில் இந்த அறைக்கு நான் வந்து மூன்று வருஷம்.
தோடு, தாலிக்கொடி, காப்பு, கொண்டை ஊசி
எல்லாவற்றுக்கும் ஒரு நீலத் தட்டு வைத்திருக்கிறேன்.
கழற்ற முடியாததற்கு எக்ஸ்ரே.

"வலத் தோளுக்குப் பின்னால ஒண்டு.
தொடையில ஒண்டு, மழை வரமுதல் சொல்லும்.
மூண்டாவது எங்கயெண்டு தெரியாது.
அது உள்ளுக்க நடந்து திரியுது."

கோப்பில் வேறொன்றும் இருந்தது.
கிணற்றுத் தண்ணீரோ, வயலுக்கு அடித்த மருந்தோ,
யாரும் அறுதியாய்ச் சொல்லாத ஏதோ ஒன்று
அவள் சிறுநீரகங்களை அரைவாசிக்கு மேல் தின்றிருந்தது.
ஈரலில் ஒரு நிழல்.
வழமையாய் ஏற்றும் கடோலினியம் அவளுக்கு ஆகாது,
வெளியே அனுப்ப ஆளில்லாத வீட்டில் அது தங்கிவிடும்.
அப்படியென்றால் இரும்பு, என்றார் டொக்டர் குகப்பிரியா.

இரும்பா, என்று நான் கேட்கவில்லை.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி நின்றோம்.
மூன்றும் இருந்தன. மூன்றாவது
விலாவுக்குக் கீழே, தசைக்குள், குண்டுமணி அளவில்.
டொக்டர் நெடுநேரம் பார்த்தார்.
"தழும்பு பிடிச்சு வச்சிருக்கும்," என்றார்.
பிறகு, "இழுத்தால் உடன மணியை அமத்தச் சொல்லு."

அந்த மருந்து பிளேன்ரீ நிறம்.
துருவின் நுண்துகள்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே
சர்க்கரையில் நெய்த போர்வை.
ஒரு மயிரிழையின் அகலத்துக்குள் இரண்டாயிரம் துகள்
தோளோடு தோள் ஒட்டி நிற்கலாம்.
இதை அவளுக்குச் சொன்னேன்.
"அப்பிடி ஒரு லைனில நானும் நிண்டனான்," என்றாள்,
"தண்ணிக்கு. செட்டிகுளத்தில."
சொட்டுச் சொட்டாய் அரை மணித்தியாலம்.
ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்த்தேன்.
"சீனி போட்டிருக்கெண்டோ சொன்னனீ?"
"போட்டிருக்கு, அக்கா."
"அப்ப சரி."

ஈரலுக்குள் சில கலங்கள், வருகிற குப்பையை விழுங்கவென்றே.
அவை இரவிரவாய் இரும்பை விழுங்கும்.
விழுங்கிய இடமெல்லாம் மறுநாள் படத்தில் கறுக்கும்.
அந்தக் கலங்கள் இல்லாத இடம்,
கட்டி இருந்தால் அந்தக் கட்டி,
வெள்ளையாய் மிஞ்சும்.
சேனை எரித்த பின்
எரியாமல் கிடக்கும் ஈரத் திட்டுப் போல.

மறுநாள் குழாய்க்குள் போனாள். இயந்திரம் இடிக்கத் தொடங்கியது.
"இந்தச் சத்தம் பரவாயில்லை," மைக்கில் அவள் குரல்,
"அடுத்தது எங்க விழும் எண்டு யோசிக்கத் தேவையில்லை."
பாதியில் மணி அடித்தது. ஓடினேன்.
"இழுக்குதோ?"
"இல்லை. இருமல் வருது. இருமலாமோ?"

படம் வந்தது.
ஈரல் மாரிக் கருக்கலாய் இருண்டிருந்தது.
அதற்குள் ஒரு வெள்ளைப் புள்ளி, பதினொரு மில்லிமீற்றர்.
இரண்டு விரல் தள்ளி, விலாவின் கீழே,
குண்டுமணி அளவு இரும்பு
உள்ளங்கை அளவு இருளைத் தோண்டி வைத்திருந்தது,
தசையும் தோலும் அங்கே என்றுமே இல்லாததுபோல.
ஏற்றிய இரும்பைக் கிழமைக்கணக்கில் உடல் பிரித்துக்
குருதி செய்துகொள்ளும். அவளுக்கு அதுவும் குறைவு.
மற்றதை என்ன செய்வதென்று
இத்தனை வருஷமாய் அதற்குத் தெரியவில்லை.

புள்ளியைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது.
டொக்டர் சொல்வார், புதன்கிழமை.
அவள் கேட்டதும் அதை இல்லை.
"மூண்டாவதைக் கண்டனீங்களோ?"
என் விலாவில் தொட்டுக் காட்டினேன்.
தன் விலாவில் விரலை வைத்து அழுத்தி,
"இஞ்சயோ கிடந்தது," என்றாள்,
"நான் கீழ இறங்கிட்டுது எண்டெல்லோ நினைச்சன்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
நீலத் தட்டில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது.
படிவத்தைக் கோப்பில் போடும்போதுதான் பார்த்தேன்:
ஆம் என்ற பெட்டியில் சரி போட்டு
பெட்டிக்கு வெளியே, ஓரத்தில்,
3 என்று எழுதி
கீழே கோடிட்டிருந்தாள்.